கிராஃப் பச்சை, ஆட்கள் புலம்பல்: வைஃபை சோதனைப் பெட்டிக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கம்

ஹாஸ்டல், சின்ன ஆபீஸ், பயிற்சி மையம் மாதிரி இடங்களில் வைஃபையைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டுக்கு இப்போது பெரிய செலவில்லை. மாடிக்கு ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் கணினி, இனி வெறும் 'பை'), அதில் பிங்கும் (பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) ஐபெர்ஃப் 3-உம் (வேகத்தை அளப்பது) ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட், எண்களைச் சேர்த்து வைக்கப் புரோமீதியஸ் அல்லது இன்ஃப்ளக்ஸ்டிபி, பார்க்கக் கிராஃபானா. இரண்டு நாள் உட்கார்ந்தால் ஓட வைத்துவிடலாம். தலைவலி அப்புறம்தான் தொடங்கும். கிராஃபில் ஒரு பள்ளம் தெரியும். அது வைஃபையின் குறையா, இணைய லைனின் குறையா, சோதிக்கிற பெட்டியின் குறையா என்று சொல்ல முடியாது.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் போவதற்கு முன் இரண்டு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, அதே ஸ்கிரிப்டை வயரில் மட்டும் ஓட்டும் இன்னொரு பெட்டி. ஒரு கட்டடத்துக்கு ஒன்று போதும், பழைய லேப்டாப் ஆனாலும் சரி. இரண்டாவது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இலக்குகள்: உள்ளே வயரில் இருக்கும் அந்தப் பெட்டி ஒன்று, வெளியே இணையத்தில் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் எடுத்த எண்களை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள், முக்கியமாக இணைய சேவை நிறுவனத்தோடு.

அறிகுறி: எண்கள் எல்லாம் பிரமாதம், ஆட்கள் மட்டும் புலம்புகிறார்கள்

முதல் சந்தேகம் வழித்தடத்தின் மேல். பையில் ஈதர்நெட் வயரும் செருகியிருக்கிறது, வைஃபையும் இணைந்திருக்கிறது என்றால், லினக்ஸ் தானாக வயரைத்தான் தேர்ந்தெடுக்கும். நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாக வயருக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக், அதாவது முன்னுரிமை எண், கொடுக்கும். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஆக, நீங்கள் வைஃபை என்று நினைத்து நாள் முழுக்க வயரைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். வைஃபையை வேண்டுமென்றே துண்டித்துவிட்டுச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் 'நன்றாக இருக்கிறது' என்று வந்தால் விஷயம் இதுதான். பிங்கிலும் ஐபெர்ஃபிலும் எந்த இன்டர்ஃபேஸ் (வயரா, வைஃபையா) வழியாகப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு விருப்பம் உண்டு. ஆனால் இரண்டு இன்டர்ஃபேஸும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) இருந்தால் அதுவும் சில சமயம் குழப்பும். வைஃபை கார்டைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (லினக்ஸுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) தள்ளி, சோதனைகளை அதற்குள்ளேயே ஓட்டுவதுதான் சுத்தமான வழி. வயர் பக்கம் முடிவுகளை அனுப்ப மட்டும்.

வழித்தடம் சரி என்றால் அடுத்தது சராசரி. வைஃபையில் ஒரு பாக்கெட் போய்ச் சேரவில்லை என்றால் ரேடியோவே அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் பாக்கெட் இழப்பு என்பது நிலைமை ரொம்ப மோசமான பிறகுதான் கண்ணில் படும். அதுவரை அது தாமதமாக ஒளிந்திருக்கும். 100 பிங்கில் 94 பிங் 4 மில்லிசெகண்டில் திரும்புகிறது, 6 மட்டும் 400 எடுக்கிறது என்று வையுங்கள். சராசரி 28 மில்லிசெகண்டுக்குக் கீழேதான் நிற்கும், கிராஃபும் பச்சையாக இருக்கும். வீடியோ காலில் இருப்பவருக்கோ பேச்சு நிமிடத்துக்கு நாலு முறை அறுந்துபோகும். சராசரியைக் கிராஃபிலிருந்து எடுத்துவிட்டு மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 95-ஆம் பெர்சென்டைலையும் (நூற்றில் 95 அளவுகள் இதற்குள் அடங்கும் எண்) போடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் புலம்பல்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, லாகின் பக்கம். விருந்தினர் வைஃபையில் முதலில் ஒரு பக்கம் திறந்து மொபைல் எண் கேட்கும் ஏற்பாடு இருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் எந்த முகவரியைக் கேட்டாலும் அந்த லாகின் பக்கம்தான் பதிலாக வரும், 200 ('சரி') என்ற குறியீட்டோடு. ஸ்கிரிப்ட் 'வெப் வேலை செய்கிறது' என்று எழுதிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போன்கள் இதைக் கண்டுபிடிக்கச் செய்வதையே நீங்களும் செய்யலாம்: வெறும் 204 ('உள்ளடக்கம் இல்லை') மட்டும் திருப்பித் தர வேண்டிய ஒரு முகவரியைக் கேளுங்கள். 204 தவிர எது வந்தாலும் நடுவில் யாரோ நிற்கிறார்கள்.

நாலாவது, பெட்டி வைத்திருக்கும் இடம். ஏபிக்கு (வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்) நேர் கீழே காரிடாரில் பையைத் தொங்கவிட்டால் அதற்கு எப்போதும் சுகம்தான். அதைக் கொண்டுபோய் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால், கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். புலம்பல் அங்கிருந்துதான் வருகிறது.

அறிகுறி: கையால் ஓட்டினால் சரி, கிரானில் போட்டால் சிக்னல் எண் காலி

கிரான் என்பது ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி. அதற்குத் தெரிந்த பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல், மிகச் சின்னது. சிக்னலைக் கேட்கும் ஐடபிள்யூ கட்டளை டெபியன் வகை சிஸ்டங்களில் எஸ்பின் அடைவில் இருக்கும், கிரான் அங்கே தேடாது. ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை முழுதாக எழுதுங்கள், அல்லது கட்டளையின் முழு முகவரியைக் கொடுங்கள். பிழைச் செய்திகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் முதல் வரியிலேயே இது தெரிந்திருக்கும். முடிந்தால் கிரானை விட்டு, லினக்ஸின் இன்னொரு நேர ஏற்பாடான சிஸ்டம்டி டைமருக்கு வந்துவிடுங்கள். அதற்குக் காரணம் அடுத்ததற்கு அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: பிங் 4, 5 என்று போகிறது, திடீரென்று 100, 200 என்று தாவுகிறது

சத்தமில்லாத அதிகாலையிலும் இப்படி என்றால் முதலில் 'பவர் சேவ்' என்ற மின்சேமிப்பு வசதியைப் பாருங்கள். பையின் உள்ளமைந்த வைஃபையில் இது வழக்கமாக ஆனில் இருக்கும். சிப் தூங்கிவிடும், ஏபி அதற்கான பாக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த பீக்கனில் (ஏபி திரும்பத் திரும்ப அனுப்பும் அறிவிப்பு) 'உனக்கு ஒன்று இருக்கிறது' என்று சொல்லும். பீக்கன் வருவது 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. தாவல்கள் கிட்டத்தட்ட 100, 200 என்று நூறுகளில் வருவதே இதற்கான கைரேகை. ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவ் வசதியை ஆஃப் செய்யுங்கள், ரீபூட் ஆனாலும் நிலைக்கும்படி நெட்வொர்க்மேனேஜர் அமைப்பிலும் எழுதுங்கள். ஆனால் ஒன்று: ஆட்கள் கையில் இருக்கும் போன்கள் பவர் சேவோடுதான் இருக்கின்றன. ஆஃப் செய்த பெட்டி நெட்வொர்க்கைச் சொல்லும், போனின் அனுபவத்தை முழுதாகச் சொல்லாது.

தாவல் ஒழுங்கான இடைவெளியில் வருகிறது என்றால் பின்னணி ஸ்கேன். கார்டு வேறு சேனல்களை எட்டிப் பார்த்துவிட்டு வரும் நேரத்தில் பாக்கெட் காத்திருக்கும். ஒரே ஏபியோடு கட்டிப்போட்ட பெட்டிக்கு ஸ்கேன் தேவையில்லை.

பிங் இலக்கு ரவுட்டராகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள். ரவுட்டரின் முக்கிய வேலை பாக்கெட்டைக் கடத்துவது. பிங்குக்குப் பதில் சொல்வது நேரம் கிடைத்தால் செய்கிற வேலை. சிபியு கொஞ்சம் மும்முரமானாலே பதில் தாமதமாகும், ஆனால் கடத்தல் தடைபட்டிருக்காது. உள்ளே வயரில் ஒரு பெட்டி வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

அறிகுறி: ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் வேகம் பூச்சியம்

எல்லாப் பெட்டிகளிலும் ஒரே கிரான் வரியை நகல் எடுத்திருப்பீர்கள். மணி அடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் ஐபெர்ஃப் சர்வரின் 5201 போர்ட்டுக்கு ஓடுகின்றன. ஐபெர்ஃப் 3 ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் எடுக்கும்; மற்றவர்களிடம் 'பிஸி, பிறகு வா' என்று சொல்லிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைக் கவனிக்காமல், எண் இல்லாத இடத்தில் 0 என்று எழுதிவிடுகிறது. இங்கே இரண்டு வேலை. பிழையைப் பிழை என்று தனிப் புலத்தில் பதியுங்கள்; சோதனை நடக்காததும் வேகம் இல்லாததும் வேறு வேறு. அப்புறம், சிஸ்டம்டி டைமரில் ஒவ்வொரு பெட்டியும் சில நிமிடம் தாறுமாறாகத் தள்ளித் தொடங்கும்படி ரேண்டம் தாமதம் கொடுங்கள். பெட்டிக்கு ஒரு போர்ட் என்று சர்வரில் பல ஐபெர்ஃப் ஓட்டினால் பிஸி தொல்லை போகும், ஆனால் எல்லாம் ஒரே காற்றைத்தான் பங்கு போடும் என்பதால் எண்கள் பொய்யாகத்தான் வரும்.

சோதனையே நெட்வொர்க்கைத் தின்கிறதா என்றும் கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 விநாடி ஓட்டினால் 125 எம்பி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 144 சோதனை, 18 ஜிபி. ஒரு பெட்டிக்கு மாதம் 540 ஜிபி. இணைய லைனில் இதை ஓட்டினால் எஃப்யூபி வரம்பை (திட்டத்தின் டேட்டா அளவு) நீங்களே தொட்டுவிடுவீர்கள். முழு வேகச் சோதனையை உள்ளே இருக்கும் சர்வரோடு மட்டும், நாளுக்கு மூன்று நாலு முறை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்துக்கு பிங்கும், வினாடிக்கு சில நூறு கிலோபிட் போகும் சின்ன யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்காமல் அனுப்பும் முறை) ஓட்டமும் போதும். யுடிபியில் வேகத்தைச் சொல்லாமல் விட்டால் ஐபெர்ஃப் 1 எம்பிபிஎஸ் என்று எடுத்துக்கொள்ளும். 'வைஃபை 1 எம்பிதான் தருகிறது' என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் முதலில் இதைக் கேளுங்கள்.

அறிகுறி: இரவு 9 மணிக்கு மேல் எல்லாம் மந்தம்

ஹாஸ்டல் நடத்துபவர்களுக்கு இதுதான் அன்றாடப் பிரச்சினை. இதில் அவசரப்பட்டு லைனை 200-லிருந்து 500 எம்பிபிஎஸ் ஆக்கிவிடுவார்கள், ஒன்றும் மாறாது. வயர் பெட்டி வைத்திருந்தால் மூன்று எண்களைப் பார்த்தாலே தெரியும். உதாரணத்துக்கு, இரவு 10:10-க்கு 95-ஆம் பெர்சென்டைல் எண்கள் இப்படி வருகின்றன:

வயர் பெட்டியிலிருந்து வெளியே: 14 மில்லிசெகண்ட்
வைஃபை பெட்டியிலிருந்து உள்ளே: 310
வைஃபை பெட்டியிலிருந்து வெளியே: 322

லைன் சும்மா இருக்கிறது, பிரச்சினை காற்றில். இதே மூன்று எண்கள் 280, 7, 288 என்று வந்தால் வைஃபையைத் தொடாதீர்கள், லைனைப் பாருங்கள்.

காற்றுப் பக்கம் என்றால் அடுத்து பார்க்க வேண்டியது சேனல் எவ்வளவு நேரம் பிஸி என்பது. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருள்) ஓடும் ஏபியில் சர்வே விவரத்தைக் கேட்டால் பல ரேடியோக்கள் இரண்டு எண்கள் கொடுக்கும்: ரேடியோ அந்தச் சேனலில் விழித்திருந்த நேரம், அதில் சேனல் பிஸியாக இருந்த நேரம். இரண்டும் கூடிக்கொண்டே போகும் எண்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து வித்தியாசத்தை வகுத்தால் சதவீதம் வரும். கடைகளில் கிடைக்கும் கன்ட்ரோலர் வகை ஏபிக்களில் இது பயன்பாட்டு அளவு என்று டாஷ்போர்டிலேயே இருக்கும், பெரும்பாலும் எஸ்என்எம்பி (கருவிகளிடம் எண் கேட்கும் பொது முறை) வழியாகவும் எடுக்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரவில் இது 70, 80 சதவீதத்தைத் தொட்டால் எந்த லைன் வாங்கினாலும் பயனில்லை.

அந்த நெரிசலில் எவ்வளவு உங்கள் சொந்தச் சரக்கு என்று பாருங்கள். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (போனில் தெரியும் வைஃபை பெயர்) ஏபி தனி பீக்கன் அனுப்பும், அதுவும் அனுமதித்திருக்கும் மிகக் குறைந்த வேகத்தில். அந்த வேகம் 1 எம்பிபிஎஸ், ஒரு பீக்கன் 250 பைட் என்று வையுங்கள். ஒன்றை அனுப்ப 2 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல், 102.4-க்கு ஒரு முறை என்றால் காற்றில் சுமார் 2 சதவீதம். மாணவர், வார்டன், விருந்தினர், சிசிடிவி, ஆபீஸ் என்று ஐந்து பெயர் வைத்தால் 10 சதவீதத்துக்கு மேல். ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் நாலு ஏபி ஒரே சேனலில் இருந்தால் யாரும் ஒரு பைட் டவுன்லோட் செய்வதற்கு முன்பே 40 சதவீதம் போய்விட்டது. எஸ்எஸ்ஐடிகளை இரண்டு மூன்றாகக் குறையுங்கள். குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். மிகப் பழைய கருவி ஏதாவது இருந்தால் அது மட்டும் வெளியே நிற்கும். 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல்கள் 1, 6, 11 மட்டும். 'யாரும் இல்லாத' 3-ஆம் சேனலுக்குப் போவது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். உண்மையில் 1-இல் இருப்பவருக்கும் 6-இல் இருப்பவருக்கும் சேர்த்து இடைஞ்சல் கொடுப்பீர்கள், அவர்களும் உங்களுக்குக் கொடுப்பார்கள். கூட்டத்தை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவதுதான் நிரந்தர வழி.

மூலையில் மங்கலான சிக்னலில் தொங்கும் ஒரே ஒரு போனும் எல்லோரையும் இழுத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 6 எம்பிபிஎஸில் ஒரு பாக்கெட்டை அனுப்பும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பல டஜன் பாக்கெட் அனுப்பியிருக்கலாம். ஏபியில் ஏர்டைம் ஃபேர்னெஸ் (காற்று நேரத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது) என்ற வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். குறைந்தபட்ச வேகத்தை உயர்த்துவதும் இதில் உதவும்.

லைன் பக்கம் என்றால், சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட், யாராவது பெரிய கோப்பு ஏற்றும்போது 300 என்று தாவுகிறதா என்று சோதியுங்கள். வயர் பெட்டியில் பிங்கை ஓடவிட்டு நடுவில் ஒரு அப்லோட் தொடங்கினால் போதும். தாவினால் அதற்குப் பெயர் பஃபர்ப்ளோட்: ரவுட்டரோ மோடமோ பாக்கெட்டுகளை அளவுக்கு மீறி வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் (பாக்கெட் வரிசையைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) நிறுவி, கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை லைனின் உண்மை வேகத்தில் 90 சதவீதத்துக்கு வையுங்கள். பத்து சதவீதத்தை ஏன் விட வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும். வரிசை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் கொடுக்கும் விலை அது.

அறிகுறி: சிக்னல் மைனஸ் 50 டிபிஎம், ஆனாலும் வேகம் இல்லை

சிக்னல் எண் (டிபிஎம், பூச்சியத்தை நெருங்க நெருங்க பலம்) ஏபியின் குரல் பெட்டிக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். சுற்றியிருக்கும் இரைச்சல் அதில் இல்லை. வாய்ஸ் காலுக்கு மைனஸ் 67, இரைச்சலை விட 25 டெசிபெல் மேல் என்பது பலரும் பின்பற்றும் அளவு. இரண்டும் சேர்ந்துதான் பொருள்படும். பெட்டியிலேயே இரைச்சல் உண்டாகலாம்: யுஎஸ்பி 3 சாதனங்களும் கேபிள்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கக்கும் என்று இன்டெல் 2012-லேயே எழுதிவிட்டது. பையில் யுஎஸ்பி 3 டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எந்த ஏபியோடு இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு அளவோடும் பிஎஸ்எஸ்ஐடியையும் (ஏபியின் அடையாள எண்) சேனலையும் பதியாத ஸ்கிரிப்ட் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டது. மாடியில் இருக்கும் பெட்டி கீழ்த்தள ஏபியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது சாதாரணம்.

அறிகுறி: 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்புகிறது

பதிவில் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள ஒன்றிலிருந்து திடீரென வேறொன்றுக்கு மாறியிருந்தால் அது டிஎஃப்எஸ், ராடாருக்கு வழிவிடும் விதி. ராடார் மாதிரி ஏதாவது கேட்டால் ஏபி 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட வேண்டும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. போகிற புதிய சேனலும் அதே வகை என்றால் 60 விநாடி காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பக்கத்தில் ராடாரே இல்லாமலும் ஏபி ஏமாறுவது உண்டு. அடிக்கடி நடந்தால் 36–48 அல்லது 149–165 என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து நாட்டுக் குறியீடு. போனுக்குத் தெரியும் நெட்வொர்க் பெட்டிக்குத் தெரியவில்லை என்றால், ஏபி 2.4 ஜிகாஹெர்ட்ஸின் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம், பெட்டியில் நாடு அமெரிக்கா என்று இருக்கலாம்; அந்த அமைப்பில் பெட்டி வழக்கமாக 11 வரைதான் பயன்படுத்தும்.

அறிகுறி: காலையில் இணைகிறது, சாயங்காலம் ஐபி கிடைப்பதில்லை

முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி (ஐபி முகவரிகளைப் பங்கிடும் சேவை) பதில் தரவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் துண்டித்து மறுபடி இணையும் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு முறையும் புது மேக் முகவரியோடு (வைஃபை கார்டின் அடையாள எண்) போனால், ஒவ்வொரு முறையும் ஒரு புது ஐபியைப் பிடிக்கும். பழையது லீஸ் (முகவரிக்குக் கொடுத்த கெடு) முடியும்வரை திரும்பாது. லீஸ் 24 மணி நேரம் என்றால், 200 முகவரி உள்ள குளத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை ஒரு நாளைக்குள் வற்றவைத்துவிடும். பெட்டியின் மேக்கை நிலையாக வையுங்கள். இணைதல், பாஸ்வேர்டு சரிபார்ப்பு, டிஎச்சிபி, டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடுவது) ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியாகப் பதிந்தால் எந்தப் படியில் நின்றது என்று தேட வேண்டியதில்லை.

அறிகுறி: கிராஃபில் ஓட்டை, அல்லது நேற்றைய தேதியில் இன்றைய எண்கள்

கரண்ட். பை 4 வரை உள்ளே கடிகாரமே கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போய் வந்ததும் பெட்டி கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழுந்திருக்கும், என்டிபி (நெட் வழியாகச் சரியான நேரம் பெறும் ஏற்பாடு) கிடைக்கும்வரை அதே பொய் நேரத்தில் பதியும். நெட் இல்லாத நேரம்தான் உங்களுக்கு முக்கியம், அந்த நேரத்தில்தான் என்டிபியும் இல்லை! ஒரு டிஎஸ்3231 கடிகார மாட்யூல் போட்டுவிடுங்கள். முடிவுகளை முதலில் பெட்டியிலேயே ஒரு எஸ்கியூலைட் கோப்பில் எழுதி, நெட் வந்ததும் அனுப்புங்கள். புரோமீதியஸ் வந்து எடுத்துக்கொள்ளும் என்று விட்டால் நெட் இல்லாத நேரத்து எண்கள் போனதுதான். எழுதுவதை நிமிடக் கணக்கில் சேர்த்து வைத்து எழுதினால் எஸ்டி கார்டும் பிழைக்கும்.

பெட்டி அடிக்கடி தானாக ரீபூட் ஆகிறதா? போன் சார்ஜரை மாற்றுங்கள். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் பை அதை அண்டர்வோல்டேஜ் என்று குறித்து வைக்கும், கெர்னல் பதிவில் தெரியும்.

அறிகுறி: அலர்ட் நிற்பதே இல்லை

ஒரு பிங் தாண்டினாலே மெசேஜ் என்று வைத்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நாற்பது அலர்ட் வந்தால் மறுநாள் அந்தக் குரூப்பை எல்லோரும் மியூட் செய்வார்கள். 95-ஆம் பெர்சென்டைல் தொடர்ந்து 10 நிமிடம் 150-ஐத் தாண்டினால் அலர்ட், 80-க்குக் கீழே 10 நிமிடம் நின்றால் தீர்ந்தது என்று இரண்டு எல்லை வையுங்கள். வயர் பெட்டியும் அதே நேரத்தில் சிவப்பு என்றால் மாடி வாரியான அலர்ட்களை அடக்கிவிட்டு லைன் அலர்ட் ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அப்புறம், ஏதாவது ஒரு பெட்டியிலிருந்து 15 நிமிடமாக எண்ணே வரவில்லை என்பதற்கு ஒரு தனி அலர்ட். அதை அந்த வைஃபை வழியாக அனுப்பாதீர்கள். மொபைல் டேட்டாவிலோ வெளியே இருக்கும் ஒரு சர்வரிலிருந்தோ அனுப்புங்கள்.